காட்டுக் கிழங்கும் உழைப்பின் விளைச்சலே!

(மண்ணரையில் பனியன் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் கட்சியின் முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை.)



பஞ்சப்படியும் பீஸ் ரேட்டும் பேச எனக்குப் பின்னால் இரண்டு தோழர்கள் காத்திருக்கிறார்கள். எனக்குக் கொடுத்திருக்கும் விஷயம் வேறு. கிழங்கு! சந்தையில் நிறுத்து வாங்குகிற உருளைக்கிழங்கைச் சொல்லவில்லை. மலையிலே யாரும் நடாமல் முளைத்து, கல்லுக்கும் வேருக்கும் நடுவே இடுப்பளவு ஆழத்துக்கு இறங்கி நிற்கும் காட்டுக் கிழங்கைச் சொல்கிறேன். பனியன் கம்பெனிக்காரனுக்கும் காட்டுக் கிழங்குக்கும் என்னப்பா சம்பந்தம் என்று பின்வரிசையில் ஒரு தோழர் முணுமுணுப்பது என் காதில் விழுகிறது. சம்பந்தம் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

2009ஆம் ஆண்டில் திருப்பூர் தனி ஜில்லாவாகப் பிரிந்தபோது, கம்பெனிகளும் சாயப்பட்டறைகளும் மட்டும் நம் பங்குக்கு வரவில்லை. உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே உள்ள மலைகளும் நம் ஜில்லாவில் சேர்ந்தன. குருமலை, குழிப்பட்டி, மாவடப்பு, கருமுட்டி, கோடந்தூர், தளிஞ்சி, ஈசல்திட்டு என்று அங்கே ஊர்கள் இருக்கின்றன. திருமூர்த்தி அணைக்குப் பொங்கலன்று குடும்பத்தோடு போய்க் குளித்துவிட்டு வருகிறோமே, அதற்கு மேலே நிமிர்ந்து பார்த்தால் தெரிகிற மலைதான். புலையர், முதுவர், மலசர் என்ற மக்கள் அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். அதற்கு மேற்கே ஆனைமலையில், வால்பாறைப் பக்கம், காடர்களும் மலைமலசர்களும் இருக்கிறார்கள். நோயாளியைத் தொட்டில் கட்டித் தூக்கிக்கொண்டு மலையிலிருந்து இறங்கினார்கள் என்று பத்திரிகையில் படித்திருப்பீர்கள். அந்த ஒரு செய்தியைத் தவிர அவர்களைப் பற்றி நமக்கு என்ன தெரியும்?

ஒரு பேச்சு மட்டும் தெரியும். "அவர்களுக்கென்ன, காட்டுக்குள் போனால் கிழங்கு, தேன், கீரை, எல்லாம் ஓசி" என்கிற பேச்சு. டீக்கடையில் கேட்டிருக்கிறேன், படித்தவர்கள் வாயிலும் கேட்டிருக்கிறேன். இந்த "ஓசி" என்கிற வார்த்தையைத்தான் இன்றைக்கு உரித்துப் பார்க்க வேண்டும்.

பழைய புறநானூற்றிலே கபிலர் என்ற புலவர், பாரியின் பறம்பு மலையைப் பற்றிப் பாடியிருக்கிறார். மூவேந்தரும் படையோடு வந்து மலையைச் சூழ்ந்து நிற்கிறார்கள். அவர்களிடம் புலவர் சொல்லும் சேதி என்ன? மலைக்குள்ளே ஏர் பூட்டாமலே நாலு விளைச்சல் உண்டு. மூங்கில் நெல் உண்டு, பலா உண்டு, வள்ளிக் கிழங்கு உண்டு, தேன் உண்டு. நீங்கள் எத்தனை நாள் சூழ்ந்து நின்றாலும் இந்த மலையைப் பட்டினி போட்டுப் பிடிக்க முடியாது என்கிறார். பெரிய உண்மை. ஆனால் கபிலர் பெருமானோடு எனக்கு ஒரு சின்ன வழக்கு உண்டு. ஏர் பூட்டவில்லை, சரி. பாடுபடவும் இல்லையா? அந்தக் கிழங்கு தானாகவா பாரியின் வீட்டுப் பானைக்குள் ஏறி உட்கார்ந்தது?

தோண்டுகிற கை

சில வருஷங்களுக்கு முன்னால், தை மாதக் கடைசியில், உடுமலை மலையடிவாரத்தில் ஒரு மூதாட்டியோடு அரை நாள் சுற்றியிருக்கிறேன். அவர் கையில் ஒரு கம்பி. ஒரு முனை தட்டையாக அடித்தது. அந்தக் காலத்தில் மரக்கோலை நெருப்பில் வாட்டி முனையைக் கெட்டிப்படுத்திக்கொள்வார்களாம். இடுப்பில் ஒரு சாக்குப் பை. அவ்வளவுதான் ஆயுதம்.

இந்தக் கொடிகள் மழைக்குத் துளிர்க்கும். ஐப்பசி, கார்த்திகையில் மரமெல்லாம் ஏறிப் படர்ந்து நிற்கும். அப்போது தோண்டினால் உள்ளே ஒன்றும் இராது. கிழங்கின் சத்தெல்லாம் இலைக்குப் போயிருக்கும். மழை நின்று, இலை பழுத்து உதிர்ந்து, கொடி சருகாய்க் காய்ந்த பிறகுதான் கிழங்கு முற்றும். ஆனால் அப்போது அடையாளம் காட்டுவதற்கு இலை இல்லையே! காட்டில் ஆயிரம் காய்ந்த கொடி தொங்குகிறது. எது எந்தக் கொடி? அந்த அம்மாள் ஒரு சருகுக் கொடியை விரலால் உருட்டிப் பார்த்தார். முள் இருக்கிறதா, கொடி மரத்தை வலப்பக்கமாகச் சுற்றியிருக்கிறதா இடப்பக்கமாகச் சுற்றியிருக்கிறதா என்று பார்த்தார். தாவர சாஸ்திரம் படித்தவர்களும் இந்தக் கிழங்கு வகைகளைப் பிரித்தறிய இதே அடையாளத்தைத்தான் பார்க்கிறார்கள். அவர்களுக்குப் புத்தகம், இவருக்குப் பாட்டி சொல்லிக் கொடுத்தது. நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவன். எனக்கு அந்தக் கொடிக்கும் பக்கத்துக் கொடிக்கும் வித்தியாசமே தெரியவில்லை.

பிறகு உட்கார்ந்து தோண்ட ஆரம்பித்தார். கிழங்கு நேராகக் கீழே இறங்குகிறது. ஒடியாமல் எடுக்க வேண்டும் என்றால் சுற்றிலும் குழியை அகலப்படுத்திக்கொண்டே போக வேண்டும். கல் வந்தால் கையால் பெயர்க்க வேண்டும். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. நான் இரண்டு முறை கம்பியை வாங்கிப் பார்த்தேன். கை கொப்பளித்துப் போயிற்று. கடைசியில் கிழங்கு வந்தது. ஒரு குடும்பத்துக்கு ஒரு வேளைச் சாப்பாடு. எடுத்தவுடன் அவர் செய்ததைக் கவனியுங்கள்: கிழங்கின் தலைப்பகுதியை, கொடி ஒட்டியிருக்கும் துண்டை, அறுத்துத் திரும்பவும் குழிக்குள் வைத்து மண்ணைத் தள்ளி மூடினார்.

"ஏன் ஆத்தா, அதிலேயும் நாலு வாய்க்கு இருக்கிறதே?" என்று கேட்டேன்.

"தலையையும் தின்னுட்டா வர்ற வருஷம் எதைத் தின்ன, தம்பி?" என்றார்.

இதை எந்த ரேஞ்சரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. சில மலைகளில் இதைக் கவலை என்பார்கள், சில மலைகளில் நூறை என்பார்கள், வள்ளி என்பார்கள். பெயர் ஊருக்கு ஊர் மாறும். தலையைத் திரும்பப் புதைக்கும் வழக்கம் மட்டும் கிழங்கு தோண்டும் மக்களிடத்தில் பரவலாக இருக்கிறது. யாரும் நடாத பயிர் என்கிறோம். நடுகிறார்கள், தோழர்களே! அறுவடையும் நடவும் ஒரே குழியில் நடக்கிறது. நமக்குத்தான் வரப்பும் வாய்க்காலும் கண்ணில் பட்டால்தான் விவசாயம் என்று தோன்றுகிறது.

இது நல்ல கிழங்கின் கதை. சுட்டாலும் அவித்தாலும் தின்னலாம். தேன் தொட்டுத் தின்றால் இன்னும் நன்றாக இருக்கும். கெட்ட கிழங்கும் இருக்கிறது. கசப்பு வள்ளி வகைகளை அப்படியே தின்றால் வாந்தி, மயக்கம், உயிருக்கே ஆபத்து. அதை மெல்லிய வில்லைகளாகச் சீவி, சாம்பல் சேர்த்து அவித்து, கூடையில் போட்டு ஓடுகிற ஓடையில் இரவெல்லாம் வைத்து, மறுபடி அவித்துத்தான் உண்கிறார்கள். ஈந்து என்று ஒரு செடி. பார்வைக்குச் சிறிய பனை மாதிரி இருக்கும். அதன் கொட்டையில் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு இருக்கிறது. ஆனைமலையிலும் அதற்கு மேற்கே கேரளத்து மலைகளிலும் அதை உடைத்து, காய வைத்து, நாள் கணக்கில் தண்ணீர் மாற்றி மாற்றி ஊற வைத்து, இடித்து மாவாக்குகிறார்கள். எத்தனை தண்ணீர் மாற்ற வேண்டும்? எப்போது நஞ்சு போயிற்று என்று தெரியும்? சாயப்பட்டறையிலே வேலை செய்த தோழர்கள் இங்கே இருக்கிறீர்கள். எந்த நிறத்துக்கு எத்தனை அலசு, எப்போது சாயம் நின்றது என்று உங்கள் கைக்கும் கண்ணுக்கும் தெரியும். அதைச் சம்பாதிக்க எத்தனை வருஷம் ஆயிற்று? அங்கே தவறு நேர்ந்தால் துணி பாழாகும். இங்கே தவறு நேர்ந்தால் பிள்ளை போய்விடும். அந்தத் தண்ணீர்க் கணக்கைக் கண்டுபிடிப்பதற்கு எத்தனை பேர் செத்திருப்பார்கள் என்று யார் எழுதி வைத்தார்கள்? (இதைக் கேட்டுவிட்டு நாளைக்கே யாரும் வேலியோரத்துக் கிழங்கைத் தோண்டித் தின்ன வேண்டாம். தெரிந்தவர்கள் கை படாமல் அது உணவாகாது.)

இன்னும் கூந்தல்பனையின் தண்டுச் சோற்றிலிருந்து மாவு எடுப்பது, பல பத்து வருஷங்களுக்கு ஒருமுறை பூத்துச் சாகும் மூங்கிலின் அரிசியைக் கூட்டிச் சேர்ப்பது, காளானில் நல்லது கெட்டது பார்ப்பது என்று சொல்லிக்கொண்டே போகலாம். விடிய விடியச் சொன்னாலும் முடியாது.

களைக்கொத்தோடு போன கீரை

தாய்மார்களே, இது உங்களுக்குப் புதிதா? களை எடுக்கப் போன இடத்தில் பண்ணைக்கீரையும் தொய்யக்கீரையும் குமிட்டிக்கீரையும் பறித்து மடியில் கட்டிக்கொண்டு வந்தீர்களே! சோளக்காட்டுக்காரருக்கு அது களை. உங்கள் அடுப்பில் அது குழம்பு. மாலையில் கூலி கையில் வராத நாளிலும் கீரை மடியில் வந்தது. நொய்யல் கரையிலும் மூளிக்குளத்துப் பக்கமும் பொன்னாங்கண்ணி பறித்த கதையை இங்கே உள்ள பெரியவர்கள் சொல்ல நான் கேட்டிருக்கிறேன். பிறகு சாயத்தண்ணீர் வந்தது. 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவு போடும் அளவுக்கு நிலைமை முற்றியது. அந்த ஆற்றங்கரைக் கீரையைப் பறித்துப் பிள்ளைக்குக் கொடுக்க இன்று எந்தத் தாய்க்கு மனம் வரும்? காட்டிலோ களைக்கொல்லி மருந்து வந்தது. ஒரே தெளிப்பில் கீரையும் போயிற்று, களை எடுக்கும் கூலியும் போயிற்று. இரண்டையும் சேர்த்து யாரும் கணக்குப் போடவில்லை. கூலி போனதைச் சங்கத்தில் பேசினோம். கீரை போனதைப் பேசினோமா?

1984ஆம் ஆண்டில் திருப்பூரில் பனியன் தொழிலாளர்கள் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நான் அப்போது சின்னப் பிள்ளை. 127 நாள் ஒரு தொழிலாளி எப்படி நின்றான்? சங்கத்தின் பலம், கடைக்காரர் கொடுத்த கடன், கிராமத்திலிருந்து வந்த தானியம், இவற்றோடு காட்டுக் கீரையும் சேர்ந்து நின்றது என்று அந்தத் தலைமுறைத் தாய்மார்கள் சொல்வார்கள். முதலாளி என்ன எதிர்பார்ப்பான்? பட்டினி வந்தால் தானே வாசலுக்கு வருவான் என்று எதிர்பார்ப்பான். பட்டினியைப் பத்து நாள் தள்ளிப் போட ஒரு வழி இருந்தால், அந்தப் பத்து நாளும் தொழிலாளி "முடியாது" என்று சொல்ல முடியும்.

பின்வரிசைத் தோழரே, நான் சொன்ன சம்பந்தம் இதுதான். பறம்பு மலையில் மூவேந்தருக்கு நடந்தது இதுதான். கிழங்கு கையில் இருக்கிற மலைவாசி, அடிமாட்டுக் கூலிக்குக் கூப்பிட்டால் "வர முடியாது" என்று சொல்ல முடியும். 1890களிலிருந்து ஆனைமலையில் காடுகளை அழித்துக் காபி, தேயிலை எஸ்டேட்டுகளைப் போட்டார்கள். காடு அழிந்த இடத்தில் கொடி அழிந்தது. கொடி அழிந்த இடத்தில் கூலி முளைத்தான். அரிசியைக் கொடுத்துத் தேனையும் மெழுகையும் ஏலக்காயையும் வாங்கிக்கொண்ட கண்டிராக்டர்களும் இதே வேலையைத்தான் செய்தார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் மானிடவியல் நடத்திய ஏரன்ஃபெல்ஸ் என்ற அறிஞர் கொச்சிப் பக்கத்துக் காடர்களோடு பழகி 1952இல் ஒரு புத்தகமே எழுதினார். இந்த மக்களின் வாழ்வைப் பார்க்காமல் யாரும் பேசிவிடவில்லை. பார்த்தார்கள், எழுதினார்கள், காடு மட்டும் அவர்கள் கைக்குத் திரும்பவில்லை.

காய் பறித்தால் கேஸ்

கிழங்கு தோண்டுவது எப்போது குற்றமாயிற்று? வெள்ளைக்காரன் காலத்தில். அவனுக்குக் கப்பலுக்கும் ரயில் தண்டவாளக் கட்டைக்கும் மரம் வேண்டியிருந்தது. டாப்சிலிப் என்று நாம் சுற்றுலாப் போகிறோமே, வெட்டிய தேக்கு மரத்தை மலையுச்சியிலிருந்து சறுக்கிவிட்ட இடம் என்பதால்தான் அந்தப் பெயர். 1882இல் சென்னை வனச் சட்டம் வந்தது. மரம் மட்டுமா? இலை, பூ, காய், தேன், மெழுகு எல்லாம் "வன விளைபொருள்" என்று அந்தச் சட்டத்தின் வார்த்தைக்குள் போயிற்று. ரிசர்வ் காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைந்தாலே குற்றம். நேற்று வரை சோறாக இருந்தது ஒரே கையெழுத்தில் திருட்டாகிவிட்டது.

இது நம் நாட்டில் மட்டும் நடந்ததல்ல. 1841ஆம் வருஷம் ஜெர்மனியில் ரைன் மாகாணத்தில் ஏழைகள் காட்டில் விழுந்த சுள்ளியைப் பொறுக்கினால் திருட்டு என்று சட்டசபையில் விவாதம் நடந்தது. 1842இல் கொலோன் நகரத்தில் ஒரு பத்திரிகையில் 24 வயது வாலிபர் ஒருவர் அந்தச் சட்டத்தைக் கிழித்துத் தொங்கவிட்டுக் கட்டுரைகள் எழுதினார். அவர்தான் கார்ல் மார்க்ஸ். சுள்ளியைப் பற்றி எழுதியதோடு அவர் நிற்கவில்லை. ஏழைக் குழந்தைகள் காட்டுப் பழம் பறிப்பதைத் தடுப்பதைப் பற்றியும் எழுதினார். ஏன் தடுத்தார்கள் தெரியுமா? அந்தப் பழத்தைப் பீப்பாய் பீப்பாயாக ஹாலந்து தேசத்துக்கு அனுப்பி வியாபாரம் செய்ய ஆரம்பித்திருந்தார்கள். குழந்தை தின்றவரை அது வெறும் பழம். சந்தைக்குப் போனவுடன் அது சொத்து. பொருளாதாரப் பிரச்னைகளை ஆராயும்படி தம்மை முதன்முதலில் தூண்டியவற்றில் இந்த விறகுத் திருட்டு விவகாரமும் ஒன்று என்று மார்க்சே பின்னால் 1859இல் எழுதினார். சுள்ளியும் பழமும் அவருக்குச் சின்ன விஷயமாகப் படவில்லை.

ஹாலந்துக் கதை பழசு என்பீர்கள். நம் காலத்துக் கதை ஒன்றைச் சொல்கிறேன். கோயம்புத்தூர் வரைக்கும் வந்த கதை.

பொதிகை மலை, அகத்திய மலை என்கிறோமே, அங்கே காணிக்காரர்கள் என்ற மக்கள் தமிழ்நாட்டுப் பக்கமும் கேரளப் பக்கமும் வாழ்கிறார்கள். 1987 டிசம்பரில் டாக்டர் புஷ்பாங்கதன் தலைமையில் விஞ்ஞானிகள் குழு ஒன்று அந்த மலையில் தாவரங்களை ஆராயப் போயிற்று. ஏறி ஏறி விஞ்ஞானிகள் களைத்து உட்கார்ந்துவிட்டார்கள். வழிகாட்டி வந்த காணி வாலிபர்கள் மட்டும் களைக்கவே இல்லை. நடுநடுவே ஏதோ சின்னக் காயை மென்றுகொண்டே நடந்தார்கள். விஞ்ஞானிகளுக்கும் கொடுத்தார்கள், தின்றவுடன் உடம்பில் தெம்பு வந்தது. அது எந்தச் செடி என்று கேட்டபோது முதலில் சொல்ல மறுத்தார்கள். வெளியாருக்குச் சொல்லக்கூடாத குலரகசியம் அது. வற்புறுத்திக் கேட்ட பிறகு காட்டினார்கள். ஆரோக்கியப்பச்சை என்பது அதன் பெயர்.

அந்தச் செடியோடு வேறு மூலிகைகளும் சேர்த்து, திருவனந்தபுரத்துக்கு அருகே பாலோட்டில் உள்ள தாவரவியல் ஆராய்ச்சி நிலையம் "ஜீவனி" என்ற மருந்தைத் தயாரித்தது. 1995இல் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்கு அதைத் தயாரிக்கும் லைசென்ஸ் கொடுக்கப்பட்டது. லைசென்ஸ் தொகை 10 லட்ச ரூபாய். விற்பனையில் 2 சதவீதம் ராயல்டி. அதில் பாதி காணி மக்களுக்கு என்று ஆராய்ச்சி நிலையம் முடிவு செய்தது. 1997இல் காணி மக்களின் பெயரால் ஒரு டிரஸ்ட் பதிவாயிற்று. உலகமெல்லாம் இதைப் பெரிய முன்மாதிரி என்று புகழ்ந்தார்கள். அறிவைக் கொடுத்தவனுக்கும் பங்கு உண்டு என்று ஒப்புக்கொண்டது பெரிய விஷயம்தான். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் மருந்து செய்ய இலை வேண்டுமே! காணி மக்கள் அந்தச் செடியை வளர்த்து, பறித்து விற்கலாம் என்று பார்த்தால், வனத்துறை குறுக்கே நின்றது. செடி காட்டுச் செடி, வன விளைபொருள்! அறிவு காணியுடையது என்று ஒப்புக்கொண்டாயிற்று; இலை மட்டும் 1882இலேயே நின்றது. சொல்லுங்கள், கட்டிங் மாஸ்டரின் கைவண்ணத்துக்குப் பாராட்டுப் பத்திரம் கொடுத்துவிட்டு, கத்திரியைத் தொட்டால் கேஸ் போடுவேன் என்றால் அது என்ன நியாயம்?

சட்டத்தில் கிழங்கு இருக்கிறது

2006 டிசம்பரில் பார்லிமெண்டில் வன உரிமைச் சட்டம் நிறைவேறியது. காட்டில் வாழும் மக்களுக்குச் சரித்திரம் இழைத்த அநீதியைப் போக்குவதற்கான சட்டம் என்று அதன் முகவுரையே ஒப்புக்கொள்கிறது. அந்தச் சட்டத்தில் சிறு வன விளைபொருள் என்றால் என்ன என்று விளக்கம் எழுதியிருக்கிறார்கள். மூங்கில், பிரம்பு, தேன், மெழுகு, மூலிகை, வேர், கிழங்கு! கிழங்கு என்ற வார்த்தை இந்திய நாட்டின் சட்டப் புத்தகத்திலே ஏறியிருக்கிறது, தோழர்களே! அவற்றைச் சேகரிக்கவும், உபயோகிக்கவும், விற்கவும் உரிமை உண்டு. சொத்துரிமையே அவர்களுக்கு உண்டு. செடிகொடிகளைப் பற்றிய பாரம்பரிய அறிவும் அந்தச் சமூகத்தின் உடைமை என்று இன்னொரு பிரிவு சொல்கிறது.

அப்புறம் ஏன் இன்னும் பேச வேண்டியிருக்கிறது? தமிழ்நாட்டில் 2008இல் உயர்நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால உத்தரவால் உரிமைப் பட்டா வழங்குவது 2016 வரை முடங்கிக் கிடந்தது. எட்டு வருஷம்! அதற்குப் பிறகும் வீட்டடிக்கும் விளைநிலத்துக்கும் தனிப்பட்டா கேட்கிறார்களே தவிர, கிழங்கும் தேனும் எடுக்கும் சமூக உரிமைக்குத் தனியாக மனு எழுத வேண்டும் என்பது பல இடங்களில் விட்டுப் போகிறது. பட்டா கையில் இருக்கும். கம்பியை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போனால் பழைய கேள்விதான் வரும்.

புலையர் மக்களுக்கு இன்னொரு முடிச்சு. தமிழ்நாட்டில் அவர்கள் தாழ்த்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். பழங்குடிப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்பது அவர்களுடைய நெடுநாள் கோரிக்கை. பழங்குடிப் பட்டியலில் இல்லாதவர்கள் மூன்று தலைமுறை, அதாவது 2005ஆம் ஆண்டுக்கு முன்னால் 75 வருஷம், அந்தக் காட்டை நம்பி வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும் என்கிறது சட்டம். ஒரே மலை, ஒரே கிழங்கு. முதுவருக்கு ஒரு கணக்கு, புலையருக்கு ஒரு கணக்கு.

இரண்டு ஆட்சேபங்கள் எழும். ரேஷன் அரிசிதான் கிடைக்கிறதே, கிழங்கு எதற்கு என்பார்கள். ரேஷன் அரிசி வேண்டும்; மலைக்கு மேலேயே கொண்டுவந்து கொடுக்க வேண்டும். ரோடு வேண்டும், பள்ளிக்கூடம் வேண்டும், பிரசவத்துக்கு நர்ஸ் வேண்டும். கிழங்கைத் தின்றுகொண்டு காட்டிலேயே கிட என்று சொல்லும் கூட்டத்தில் நாம் இல்லை. அந்த மலைப் பிள்ளைகள் டாக்டராகவும் எஞ்சினியராகவும் வரட்டும். ஆனால் அரிசியைக் கொடுத்துவிட்டேன், காட்டை விடு என்றால், அது பழைய கண்டிராக்டர் பேரம்தான். வெறும் அரிசிச் சோற்றையே மூன்று வேளையும் தின்று குழந்தைகள் சோகை பிடித்து நிற்பதை இந்த மண்ணரையிலேயே பார்க்கிறோமே!

காடு அழியும், புலி அழியும் என்பது இன்னொரு ஆட்சேபம். புலி வேண்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை. கிழங்கின் தலையைத் திரும்பப் புதைக்கிற கையாலா காடு அழிந்தது? மலைமுழுக்க உண்ணிச்செடி புதர் மண்டிக் கிடக்கிறது. அழகுக்கு என்று வெள்ளைக்காரன் கொண்டுவந்த செடி அது. அதன் கீழே புல்லும் இல்லை, வள்ளிக்கொடியும் இல்லை. காட்டுப் பன்றி காட்டை விட்டுத் தோட்டத்துக்கு இறங்குவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று மலைமக்கள் சொல்கிறார்கள். காட்டைப் பாதுகாக்கும் அதிகாரத்தையும் பொறுப்பையும் கிராமசபைக்கே கொடுத்திருக்கிறது 2006 சட்டம். அந்த அதிகாரத்தைக் கையில் கொடுத்துப் பாருங்கள்.

இனி வேலையைச் சொல்கிறேன். கிராமசபை கூடி 10 முதல் 15 பேர் கொண்ட வன உரிமைக் குழுவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்கள் இருக்க வேண்டும். சமூக உரிமைக்கான பாரத்தை அந்தக் குழு வாங்கி, சான்றோடு சேர்த்துக் கிராமசபை முன் வைக்க வேண்டும். சான்று என்றால் அரசாங்க ரிகார்டு மட்டும்தான் என்று நினைத்துப் பல பேர் பயந்து விட்டுவிடுகிறார்கள். விதியைப் படித்துப் பாருங்கள்: ஊர்ப் பெரியவர்கள் சொல்வதை எழுத்தில் எழுதினால் அதுவும் சான்று. பழைய கிணறு, சுடுகாடு, சாமி கும்பிடும் இடம், இவையும் சான்று. ஒன்றுக்கு மேற்பட்ட சான்று இருக்க வேண்டும். எந்தப் பள்ளத்தில் எந்த மாதம் எந்தக் கிழங்கு தோண்டினோம், எந்தப் பாறையில் எந்தத் தேன் எடுத்தோம், எந்த ஓடையில் கசப்புக் கிழங்கை ஊறப் போட்டோம் என்று அந்தக் கிழவிகள் சொல்லச் சொல்ல எழுத ஆள் வேண்டும். அங்கே அனுபவம் இருக்கிறது. எழுத்து வேலைக்குக் கை போதாது. நம்மிடம் செக்கிங்கிலும் பேக்கிங்கிலும் பிளஸ் டூ படித்த வாலிபர்களும் பெண்களும் நிறையப் பேர் இருக்கிறீர்கள். நாள் முழுவதும் லேபிளில் நம்பர் எழுதுகிற கை, ஒரு ஞாயிற்றுக்கிழமை இதை எழுதலாம்.

மலைமேலிருந்து அவர்கள் திருமூர்த்திமலை அடிவாரத்துக்கு இறங்கி வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். போகிறவர்கள் வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்கு யூனியன் ஆபீஸ் வாசலுக்கு வந்துவிடுங்கள். பஸ் செலவு அவரவர் செலவு. மத்தியானச் சோறு அங்கே அவர்கள் போடுகிறார்கள். பாரத்தை எப்படி எழுத வேண்டும் என்று சனிக்கிழமை ராத்திரி வேலை விட்ட பிறகு இங்கேயே ஒரு மணி நேரம் சொல்லித் தருகிறோம். பெயரை மேஜையில் உள்ள தோழரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். ஆளுக்கு ஒரு குயர் வெள்ளைத்தாளும், பேனா இரண்டும் கொண்டு வாருங்கள். அந்த ஆத்தா பேச ஆரம்பித்தால் ஒரு பேனா போதாது.